எல்லாம் அடங்கிய கட்டணம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சை இரண்டு சொற்களிலிருந்து தொடங்குகிறேன். "எல்லாம் அடங்கும்" என்பவையே அந்த இரண்டு சொற்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில் ஐந்து நாட்கள் தலைமன்னாரில் ஒரு கடற்கரை விடுதியில் தங்கினேன். தொலைபேசியில் விலை கேட்டபோது விடுதிக்காரர் ஒரே மூச்சில் சொன்னார்: "தங்கல், மூன்று நேரச் சாப்பாடு, பின்னேரத் தேத்தண்ணி, வள்ளம், சுழியோடுகிற சாமான்கள், ஒருநாள் அரிப்புக்கு வான் பயணம், எல்லாம் அடங்கும்." கொழும்பில் கதிரையில் இருந்து வேலை செய்கிற என்னைப் போன்றவனுக்கு அந்த இரண்டு சொற்களும் இனிமையானவை. ஒருமுறை காசைக் கொடுத்துவிட்டால் பிறகு கணக்கைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் நேயர்களே, அந்த ஐந்து நாட்களும் நான் கணக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நாற்பது வயதுக்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் சுழியோடுதல். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய், மீன்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் மேலே வருவது. இதற்காகக் காசு கொடுக்கிறாயா என்று என் தாயார் கேட்டார். கொடுக்கிறேன் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கோட்டையிலிருந்து புகையிரதத்தில் போனேன். மதவாச்சியில் பிரிந்து, மடு வீதியைத் தாண்டி, கடலுக்கு நடுவே பாலத்தைக் கடந்து, பனைகளும் கழுதைகளும் நிறைந்த அந்தத் தீவின் மறு நுனிவரை வண்டி போனது. 1990இல் யுத்தம் நிறுத்திய இந்தப் பாதை, 2015 மார்ச் மாதத்தில்தான் தலைமன்னார் இறங்குதுறைவரை மீண்டும் திறக்கப்பட்டது. இறங்குதுறை என்கிறோம். இறங்குவதற்கு அங்கே கப்பல் இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பில் இறங்கிய காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதியில் நின்றது. பழைய மரப்பாலத்தின் கால்கள் மட்டும் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் கடற்காகங்கள், யாரையோ வழியனுப்ப வந்தவைபோல, ஒரே திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன.

என் விடுதியும் அந்தக் கப்பல் காலத்துக் கட்டடந்தான். யுத்தத்தில் கூரை போய், பிறகு தகரம் போட்டு, புகையிரதம் வந்ததும் மஞ்சள் வர்ணம் பூசித் திறந்திருந்தார்கள். கப்பலும் வந்துவிடும் என்று நம்பிப் பதினான்கு அறைகள். ஆறில் மட்டுமே கட்டில் இருந்தது. என் அறையில் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. குழாயில் தண்ணீர் முதலில் செந்நிறமாகவும் பிறகு உவர்ப்பாகவும் வந்தது. துவாயின் மூலையில் வேறொரு ஹோட்டலின் பெயர் இருந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இன்னமும் ஒரு கப்பல் நேர அட்டவணை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. உப்புக்காற்று எழுத்துகளைத் தின்றுவிட்டது.

ஆனால் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோறும் விளைமீன் குழம்பும், இரவில் புட்டும் கணவாய்க் கறியும் வந்தன. விடுதிக்கார ஐயாவே அகப்பையோடு வந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டா? எல்லாம் அடங்கினதுதானே" என்பார். ஐந்து நாட்களில் அந்தச் சொற்களை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

வள்ளக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் நானா என்று கூப்பிட்டேன், அவர் என்னைச் சேர் என்றார். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். மணலில் அவர் நடந்த தடத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் பாதம், மறுபக்கம் நீளமாக ஒரு கோடு. ஆனால் வள்ளத்தில் ஏறிவிட்டால் அந்தக் கால் இருப்பதே தெரியாது. உதவிக்கு அவருடைய மகன், பத்தொன்பது வயதுப் பெடியன், வருவான். அதிகம் பேசமாட்டான்.

பங்குனியும் சித்திரையும் மன்னார்க் கடல் அமைதியாக இருக்கும் காலம். வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் இன்னும் தொடங்காத இடைவெளி. பழைய முத்துக்குளிப்புகளும் இந்த இடைவெளியில்தான் நடந்தன. நாங்கள் தீவின் தெற்குப் பக்கமாக, மன்னார் வளைகுடாவுக்குள் போனோம். கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றின. நானா நங்கூரத்தை இறக்கிவிட்டு, "கீழே பார் இருக்கு சேர்" என்றார்.

"பார்" என்ற இந்தச் சிறிய சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். கடலடியில் மணலுக்கு நடுவே கிடக்கும் கற்பாறைத் தளத்தைக் கடலோடிகள் பார் என்கிறார்கள். முத்துச் சிப்பி ஒட்டி வளர்வது அதில்தான். பெரிய பார், வங்காலைப் பார், மோதரகம் பார் என்று இந்தக் கடலுக்கடியில் ஊர்களைப்போலப் பெயர்கள் இருக்கின்றன. ஆங்கில அதிகாரிகளும் வேறு சொல் கிடைக்காமல் இதே சொல்லைத் தங்கள் அறிக்கைகளில் எழுதினார்கள். வரைபடத்தை அச்சடித்தது அவர்கள் என்றாலும் பெயர் வைத்தது மூச்சை அடக்கிக் கீழே போனவர்கள்.

நான் இறங்கினேன். பதினாறு மீற்றர் ஆழம். தண்ணீர் தெளிவில்லை. பாறை விளிம்பில் கிளிமீன்கள், ஒரு சிங்கி இறாலின் மீசை, மணலில் ஒரு திருக்கை. சிப்பிகளும் இருந்தன, அங்கொன்றும் இங்கொன்றுமாக. நாற்பது நிமிடத்தில் என் கையில் கட்டியிருந்த மணிக்கூடு கீச்சிட்டது. சாதாரண மணிக்கூடு அல்ல. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் மேலே வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் சிறிய கணினி. அது சொன்னபடி மெதுவாக ஏறி, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கி, பிறகு தலையை வெளியே நீட்டினேன்.

வள்ளத்தில் ஏறியதும் நானா கேட்டார். "ஏன் சேர் அதில நிண்டீங்க?"

விளக்கினேன். நம் எல்லாருக்கும் மேலே எப்போதும் காற்றின் அழுத்தம் இருக்கிறது. பத்து மீற்றர் தண்ணீருக்குள் போனால் அது இரண்டு மடங்கு. இருபதில் மூன்று மடங்கு, முப்பதில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டர்க் காற்றைச் சுவாசிக்கும்போது, காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கிற நைதரசன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்குகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும். வேகமாக ஏறினால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் வலி. முள்ளந்தண்டில் கட்டினால் கால் போகும்.

நான் பாடம் நடத்தி முடித்தேன். நானா இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு, "ஓம் சேர், எனக்கு முள்ளந்தண்டில" என்றார்.

வாழ்க்கையில் சில தடவைகள்தான் நாம் உண்மையாகவே வெட்கப்படுகிறோம். அது அப்படி ஒரு தருணம்.

அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டனார் சங்கு குளித்தவர். வாப்பாவும் அப்படியே. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் எல்லாரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இவர் இளைஞன். குடும்பத்தோடு கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் போய், முகாமில் ஓலைக் குடிசையில் வாழ்ந்தார். அங்கே ஒரு முதலாளி சிலிண்டர் கொடுத்துக் கடலட்டை எடுக்க ஆள் தேடினார். கடலட்டையை நம்மில் யாரும் சாப்பிடுவதில்லை. அவித்து, மணலில் புதைத்து, சுரண்டி, காயவைத்தால் சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போகும். விலை நல்ல விலை. நீந்தத் தெரிந்தவனுக்குச் சிலிண்டர் கட்ட அரை மணித்தியாலத்தில் பழக்கிவிட்டார்கள். இறங்கச் சொல்லிக் கொடுத்தார்கள், எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏறுவதற்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாளில் நான்கு சிலிண்டர், ஐந்து சிலிண்டர். காற்று முடிந்தால் மேலே வா, அவ்வளவுதான்.

ஒருநாள் ஐந்தாவது சிலிண்டரை முடித்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தவர், எழும்ப முயன்றபோது இரண்டு கால்களும் இல்லை. "இருக்கு சேர், கண்ணால காணுறன், ஆனா என்னோடது இல்ல" என்றார். வைத்தியசாலை தூரம். அழுத்த அறை வைத்துப் பார்க்கிற இடம் இன்னும் தூரம். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வேறொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, இவருக்கும் ஒன்றைக் கட்டி, இவரை அணைத்தபடி திரும்பவும் கடலுக்குள் இறங்கினார். பத்து மீற்றர் அளவில் நங்கூரக் கயிற்றை ஒரு கையாலும் இவரை மறுகையாலும் பிடித்துக்கொண்டு, சிலிண்டர் மாற்றி மாற்றி இருட்டும்வரை நின்றார். வைத்தியர்கள் இதைச் செய்யாதே என்கிறார்கள். கால் வராமல் மனிதரே மூழ்கிப்போகலாம். சரியான சிகிச்சை கரையில், அழுத்த அறைக்குள், சுத்தமான ஒட்சிசனோடுதான். ஆனால் அன்று அந்த வள்ளத்தில் இருந்தது கடலும் மச்சானுந்தான். வலது கால் திரும்பி வந்தது. இடது கால் பாதி வந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய செய்தி ஞாபகம் வந்தது. நேயர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முத்துக் குளிப்பவன் தன் இடுப்புக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்று கரையோரத்தில் சொல்வார்கள். அண்ணன் தம்பி கையிலும் அல்ல, கூட்டாளி கையிலும் அல்ல. கயிற்றை விட்டால் தன் அக்காளோ தங்கையோ தாலியை இழப்பாள் என்று தெரிந்தவன் கையில்தான். இது வழக்கமா, வெறும் வாய்ப்பேச்சா என்று ஆராய்வது வேறு வேலை. ஆனால் கீழே போகிறவனின் உயிர் மேலே நிற்கிற ஒருவன் கையில் இருக்கிறது, அந்தக் கைக்கு ஓர் உறவு இருக்க வேண்டும் என்று நம் மக்கள் நினைத்திருக்கிறார்களே, அதைக் கவனியுங்கள்.

நான்காம் நாள் அரிப்புக்குப் போனோம். என் கட்டணத்தில் அடங்கிய வான் பயணம். நானாவும் கூட வந்தார். அரிப்பில் கடலோரத்து மண்மேட்டில் ஓர் இடிந்த மாளிகை நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். உண்மையில் அது ஆங்கிலேயரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த வீடு. கிரேக்க முறைத் தூண்களால் அதற்கு "டொரிக்" என்று பெயர். முத்துக்குளிப்புக் காலத்தில் ஆளுநர் வந்து தங்கி, மாடியில் நின்று கடலைப் பார்ப்பதற்காகக் கட்டியது. 1807இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட கோர்டினர் என்ற பாதிரியார் இதன் அழகை வியந்து எழுதினார். இன்று அந்த மண்மேட்டை அலை அரித்துக்கொண்டே வருகிறது. ஒரு பகுதி ஏற்கனவே கடலுக்குள் விழுந்துவிட்டது. சுவர்களில் செங்கல் தெரிகிறது. உள்ளே ஆடுகள் படுத்திருந்தன.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது, இதுவும் ஒரு கடற்கரை விடுதிதான். எல்லாம் அடங்கிய விடுதி. சமையற்காரர், பல்லக்குத் தூக்குவோர், காவலர், மேசையில் பழவகை, முன்னால் வேடிக்கை பார்க்கக் கடல். அந்தக் கடலில் சுழியோடிகள் இறங்கினார்கள். ஒரு காலைக் கல்லில் வைத்து, மூக்கை அடைத்து, ஐந்திலிருந்து பத்துப் பாகம்வரை இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை வாரிக் கயிற்றை அசைப்பார்கள். மேலே நிற்பவன் இழுப்பான். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவை. சுறா வராமல் மந்திரிக்கக் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தில் ஆங்கிலேயனுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்கட்டி வராவிட்டால் ஒருவனும் தண்ணீரில் காலை வைக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

பிற்காலத்தில் குளிப்பின் நகரம் தெற்கே மரிச்சுக்கட்டியில் எழுந்தது. வெறும் மணலில் சில வாரங்களில் வீதி, சந்தை, தபாற்கந்தோர், நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாம் முளைக்கும். குளிப்பு முடிந்தால் மறைந்துவிடும். கீழக்கரைக் குளிகாரர்கள், பரவர், அரேபியர் என்று பல ஆயிரம் பேர் கூடினார்கள். 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு, 1906இல், இளம் அதிகாரியாக அங்கே வேலை பார்த்தவர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் வெர்ஜினியா வூல்ஃபின் கணவராக இலக்கிய உலகம் அறிந்தவர். கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. இந்த அனுபவத்திலிருந்து வூல்ஃப் எழுதிய சிறுகதை 1921இல் வெளிவந்தது. கடலைப் பார்க்காமலே முத்துக்குளிப்பவர்களைப் பற்றிப் பேசுகிற வெள்ளைக்காரர்களை அவர் அதில் சும்மா விடவில்லை. அதற்கு முன்பே, 1863இல், பாரிஸ் நகரில் பிசே என்ற இசைமேதை இலங்கை முத்துக்குளிப்பவர்களை வைத்து ஓர் இசைநாடகம் அரங்கேற்றினார். அதில் காதல் உண்டு, சத்தியம் உண்டு, அருமையான பாட்டு உண்டு. அழுகிய சிப்பியின் நாற்றம் மட்டும் இல்லை.

நம்மவர்களும் அதிகம் மாறுபட்டவர்கள் என்று சொல்ல முடியவில்லை. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். பின்வந்தவர்கள் பெண்ணின் பல்லுக்கு உவமை சொன்னார்கள், கண்ணீருக்கு உவமை சொன்னார்கள். முத்தைப் பாடிய அளவுக்கு, அதற்காக மூச்சை அடக்கியவனின் மார்பைப் பாடினோமா என்பதை நேயர்கள் யோசித்துப் பாருங்கள்.

1906இல் அரசாங்கம் பார்களை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. லிவர்பூல் பேராசிரியர் ஹேட்மன் வந்து ஆராய்ந்து ஐந்து தொகுதிகளில் அறிக்கை எழுதினார். சிப்பிகளோ அறிக்கையைப் படிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின. 1925இல் ஒரு பெரிய குளிப்பு நடந்தது. அதற்குள் யப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. பழைய குளிப்புக் காலம் அதோடு முடிந்தது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மன்னார்ப் பார்கள் வெறுமையாகிய அதே நேரத்தில், 1908இல், இங்கிலாந்தில் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பரிசோதித்து, சுழியோடி எப்படி மேலே வரவேண்டும் என்ற முதல் அட்டவணையை வெளியிட்டார். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் தோளில் கட்டும் காற்றுக் கருவியைச் செய்தார்கள். கருவி நம் கரைக்கு வந்து சேர்ந்தது. அட்டவணை வந்து சேரவில்லை.

மாளிகையின் நிழலில் உட்கார்ந்தபடி நானா கேட்டார். "உங்கட மணிக்கூடு என்ன விலை வரும் சேர்?"

சொன்னேன். அவர் கடலைப் பார்த்தார். சிறிது நேரத்துக்குப் பிறகுதான் சொன்னார். மகன் அடுத்த மாதம் அட்டைக்குப் போகிறான். அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவருடைய வள்ளத்தில். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். தங்கைக்குக் கலியாணம் பேசியிருக்கிறது, நீங்கள் ஓடுகிற வள்ளக்காசில் நடக்குமா என்று கேட்டானாம். "அவன்ட மச்சான் இன்னும் வரல்ல சேர். கலியாணம் முடிஞ்சாத்தானே மச்சான் வருவான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேயர்களே, அப்போதே மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மாதத் தவணையில் வாங்கியது, இன்னும் ஏழு தவணை இருக்கிறது, ஒரு மணிக்கூட்டால் என்ன ஆகிவிடும் என்று பல நியாயங்கள் வரிசையாக வந்தன. நியாயங்களுக்கு எப்போதுமே குறைவில்லை.

அன்றிரவு விடுதி மேசையில் உட்கார்ந்து, நான் படித்த அட்டவணையைத் தமிழில் எழுதினேன். மீற்றரைப் பாகமாக்கினேன். பத்துப் பாகத்தில், அதாவது பதினெட்டு மீற்றரில், ஐம்பது நிமிடத்துக்கு மேல் இருக்காதே. முப்பது மீற்றரில் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்காதே. இது அன்றைய முதல் இறக்கத்துக்கு மட்டும். இரண்டாவது இறக்கத்தில் நேரம் இன்னும் குறையும். சிலிண்டர் முடியும்வரை காத்திருக்காதே. உன் மூச்சுக்குமிழியைவிட வேகமாக ஏறாதே. மூன்று பாகத்தில் மூன்று நிமிடம் நில். மூட்டு நொந்தாலும் கால் மரத்தாலும் வாதம் என்று நினைக்காதே, எண்ணெய் தேய்க்காதே, படுக்கவைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போகச் சொல். எழுதத் தாள் இல்லாததால் விடுதிப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். முன்பக்கத்தில் "எல்லாம் அடங்கும்" என்று இருந்தது.

விடியற்காலையில் பெடியனிடம் கொடுத்தேன். முழுவதையும் நிதானமாக வாசித்தான். முதல் தடவையாக என்னோடு பேசினான்.

"சேர், இதுப்படி ஓடினா ஒரு நாளைக்கு ரெண்டு சிலிண்டர்தான். நாலு ஓடினாத்தான் வள்ளக்காசும் எண்ணெய்க்காசும் போக மிச்சம் வரும். மத்த ரெண்டு சிலிண்டருக்கும் ஆரு காசு தாற?"

மரியாதையாகத்தான் கேட்டான். என்னைக் குற்றம் சொல்லவில்லை, கணக்குக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. விடுதிக்கார ஐயா பின்னால் நின்று, "சேருக்கு இன்னொரு தேத்தண்ணி?" என்றார்.

புகையிரதத்தில் திரும்பும்போது அந்தக் கேள்வி என் எதிர் ஆசனத்தில் உட்கார்ந்து வந்தது. நானும் அவனும் ஒரே கடலுக்குள் ஒரே கருவியோடு இறங்குகிறோம். நான் மெதுவாக ஏறுவதற்குக் காசு கொடுக்கிறேன். அவன் வேகமாக ஏறினால்தான் காசு. பாட்டன் காலத்தில் மூன்றில் இரண்டு குவியலை அரசாங்கம் எடுத்தது. அது அநியாயந்தான். ஆனால் அந்தக் குவியலைக் கண்ணால் காணலாம், எண்ணலாம். இன்று பேரனிடமிருந்து எடுக்கப்படும் பங்கு ஒரு குவியலிலும் தெரிவதில்லை. அது அவனுடைய முள்ளந்தண்டில் எழுதப்படுகிறது. ஹொங்கொங்கில் விருந்துமேசையில் இருப்பவரின் கட்டணத்தில் அது அடங்கவில்லை. நான் கொடுத்த ஐந்து நாள் கட்டணத்திலும் நானாவின் கால் அடங்கவில்லை. அவர் நங்கூரம் இறக்கிய கூலி மட்டுமே அடங்கியது.

அப்படியானால் சுழியோடுகிற தொழிலே வேண்டாம் என்று சொல்லலாமா? கொழும்பிலிருந்து அப்படிச் சொல்வது எளிது. கடலோடு பிறந்தவனைக் கடலுக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது மேலே ஏறும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கலாம். கரையோர வைத்தியசாலையில் ஒட்சிசன் இருக்கிறதா, அழுத்த அறை உள்ள இடத்துக்கு உடனே அனுப்ப வழி இருக்கிறதா என்று ஒருவர் கேட்கலாம். சிலிண்டர் வாடகைக்கு விடுகிற முதலாளி, ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை என்று ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். இவை பெரிய புரட்சிகள் அல்ல. அட்டையின் விலையில் சில ரூபாய்கள். கயிற்றைப் பிடிக்கிற கைக்கு ஓர் உறவு வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தார்களே, அந்த நினைப்பின் இன்றைய உருவம் இவைதான்.

இனி மணிக்கூட்டின் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டு மாதங்கள் என் அலுமாரியில் கிடந்தது. அதைத் திறக்கும்போதெல்லாம், "ஆரு காசு தாற?" என்று கேட்டது. கடைசியில் மன்னாருக்குப் போகிற நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். சில நாட்களுக்குப் பிறகு நானா தொலைபேசியில் பேசினார். கிடைத்தது என்றார். பெடியன் கையில் கட்டியிருக்கிறான் என்றார். பற்றுச்சீட்டுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வள்ளத்தில் ஆணியடித்திருக்கிறானாம். நீரோட்டம் கூடிய நாட்களில் மூன்று சிலிண்டரோடு வந்துவிடுகிறானாம்.

"மத்த நாட்களில?" என்று கேட்டேன்.

மறுமுனையில் கடற்காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு நானா சொன்னார்: "நான் கரையில நிண்டு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன் சேர்."

அதற்குப் பின் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். தங்கையின் கலியாணம் நல்லபடியாக நடந்தது. வந்த மாப்பிள்ளையும் கடல் தெரிந்தவன், மச்சான்மார் இருவரும் ஒரே வள்ளத்தில்தான் போகிறார்கள் என்றார். மணிக்கூடு இன்னும் பெடியனின் கையில் இருக்கிறதா, கலியாணச் செலவுக்கு விற்கப்பட்டுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை என் கட்டணத்தில் அடங்கவில்லை.